லிஸ்ட்டில் வந்த வீடு

கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு சாலையோர உணவகத்தில் யூசுப்பும் நானும் மழைக்கு ஒதுங்கினோம். தலைக்கு மேலே கீற்றுக் கூரை. நல்ல மழை. ஆனாலும் கூரை மணக்கவில்லை. நான் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிப்பதைப் பார்த்துவிட்டு யூசுப் சொன்னான்: "பிளாஸ்டிக்கு மச்சான். ரொம்ப மோந்து பாக்காத, ஒடம்புக்கு ஆகாது."

நனைந்த கீற்றுக்கென்று ஒரு மணம் உண்டு. மாட்டுத் தொழுவமும் பழைய புத்தகமும் சம்பந்தம் செய்துகொண்டது மாதிரி. அது எனக்குப் பழக்கமானது பெருங்களத்தூரில், சாலையோரமாக இருந்த யூசுப் வீட்டில். கருங்கல் சுவர், மேலே தென்னங்கீற்று. குனிந்துதான் நுழைய வேண்டும். நான் மறப்பேன், வாசக்கால் ஞாபகப்படுத்தும். என் மண்டை இன்றைக்கு இருக்கும் வடிவத்துக்கு அந்த வீடுதான் பொறுப்பு. மண்டைக்கு உள்ளே இருப்பதற்கு வீட்டைக் குறை சொல்ல முடியாது.

அப்போது தாம்பரத்தில் ஒரு மாடி அலுவலகத்தில், வெளிநாட்டுக் கட்டடங்களுக்குக் கணினியில் வரைபடம் போடும் வேலை எங்களுக்கு. லண்டனை நான் பார்த்ததில்லை. லண்டன் கழிப்பறைகளை ஏராளமாக வரைந்திருக்கிறேன். ஒருநாள் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றிலிருந்து பழங்காலப் பண்ணை வீடு வந்தது. கல் சுவர், வைக்கோல் கூரை. ஃபோட்டோவைப் பார்த்ததும் யூசுப் நாற்காலியோடு உருண்டு வந்தான்.

"இன்னா மச்சான், நம்ம வூடு மாதிரியே கீது!"

மாதிரிதான். சுவர் ஓரிடத்தில் தொப்பை போட்டிருந்தது. ஜன்னல்கள் சுவரின் தடிமனுக்குள் பதுங்கியிருந்தன; அவற்றுக்கு மேலே கூரை புருவம்போல வளைந்து இறங்கியது. உத்தரம், மரம் வளர்ந்த கோணலிலேயே கிடந்தது. நான் கடமை உணர்ச்சியோடு எல்லாவற்றையும் நிமிர்த்தி அனுப்பிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன். "தயவுசெய்து கோணலைத் திருப்பிக் கொடுங்கள்" என்று அங்கிருந்த ஆர்க்கிடெக்ட் அம்மா எழுதினார். நிமிர்த்த அரை நாள். கோணலாக்க யூசுப்பும் நானும் சேர்ந்து ஒரு வாரம்.

அந்தக் கடிதத்தின் கடைசியில்தான் இருந்தது: இது 'லிஸ்டட்' கட்டடம்.

யூசுப் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு வீடு லிஸ்ட்டில் வந்துவிட்டது என்றால் ஒரே அர்த்தம்தான்: ரோடு அகலப்படுத்த இடிக்கப்போகிறார்கள். முந்தின வாரம்தான் டேப்போடு வந்தவர்கள் அவன் வீட்டுக் கல் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். "பாவம் மச்சான், அவுங்களுக்கும் பேஜாரு" என்றான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி ஓர் இரங்கல் மெயில் அனுப்பினேன். வீட்டை இழக்கப்போகும் குடும்பத்துக்கு ஆழ்ந்த அனுதாபம். நஷ்டஈடு விரைவில் கிடைக்கட்டும்.

பதில் வந்தது. அந்த ஊரில் லிஸ்ட்டில் வந்த வீட்டை அனுமதியில்லாமல் யாரும் மாற்றவோ இடிக்கவோ முடியாதாம். அலுவலகமே சிரித்தது, எல்லோரையும்விடச் சத்தமாக நான். யூசுப் மட்டும் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த லிஸ்ட்டுல நம்ம வூட்டையும் சேத்துக்குவாங்களான்னு கேளேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் மாலை வரை இரண்டு தடவை வந்து, "ரிப்ளை வந்துச்சா?" என்றான்.

இதற்கிடையில் அவன் அம்மா கூரைக்குப் புதுக் கீற்று மாற்றினார். இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்கு என்று கேட்டேன். "இடிக்கறவன் வர்றப்ப வரட்டும்பா. அதுக்குன்னு ஒழுவுற வூட்லயா குந்திகினு இருக்கறது?" என்றார். கீற்றின் பச்சை வாடை போவதற்குள் இயந்திரம் வந்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது பேருந்துகள் ஓடுகின்றன.

மழை விடவில்லை. யூசுப் செல்ஃபோனைத் தேய்த்து நீட்டினான். இங்கிலாந்து வீடு! விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்களாம். அதே தொப்பை, அதே புருவம். "இந்த மூலைய நான்தான் போட்டேன்" என்று பெருமையாகப் பெரிதாக்கிக் காட்டினான். பிறகு திடீரென்று கேட்டான்.

"மச்சான், நம்ம வூட்டு வாசக்கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"

"இடது பக்கம்."

"வலது இல்ல?"

பகலில் அந்தக் கதவு சாத்தியிருந்து இருவருமே பார்த்ததில்லை; ராத்திரி சாத்துவது அவன் அம்மா. கேட்கலாம் என்றால் அவரும் இப்போது இல்லை. இங்கிலாந்து வீட்டில் எந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். வரைவதே பிழைப்பாக இருந்த இரண்டு பேர் அந்தக் கல் வீட்டில் வருஷக்கணக்கில் தின்றோம், தூங்கினோம், தலையை இடித்துக்கொண்டோம். அந்த வீட்டுக்காக யாரோ போட்ட ஒரே கோடு, அந்தச் சிவப்புக் கோடுதான்.