பள்ளி வேலியில் நின்ற ஆடாதோடை

பிப்ரவரியில் தில்லிக் காற்று கொஞ்சம் தெளியும். அப்போதுதான் மகள் படிக்கும் தமிழ்ப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார்.

"சார், நீங்க பாட்டனி படிச்சவராமே. ஏழாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு இந்த மண்ணுல தானா வளர்ற மூலிகைகளைக் காட்டணும். சனிக்கிழமை வர முடியுமா?"

பட்டம் வாங்கியதோடு செடிகளை விட்டுவிட்டு, அலுவலகக் கோப்புகளோடு காலம் தள்ளுபவன் நான். ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. நவம்பரில், புகைமூட்டமான ஒரு காலை, மகள் வகுப்பிலேயே மூச்சுத் திணறி விழுந்துவிட்டாள். இன்ஹேலர் பையின் அடியில் கிடந்தது. எடுத்துக் கொடுக்க யாருக்கும் தெரியவில்லை. மருத்துவமனையில் அவள் உதடுகளின் நீலம் மாறும்வரை கட்டில் பக்கத்திலேயே நின்றேன். வெளியில் வகுப்பு என்றால் தூசி இருக்கும், மகரந்தம் இருக்கும். நான் பக்கத்தில் இருந்தால்தான் அனுப்புவேன்.

முந்தின நாள் மாலை, என்னென்ன செடிகள் இருக்கின்றன என்று பார்க்கப் பள்ளிக்குப் போனேன். பின்பக்கச் சுவரையொட்டி ஆள் உயரத்துக்கு ஒரு வேலி. நீண்ட இலை, ஊதாக் கோடு போட்ட வெள்ளைப் பூ. ஆடாதோடை. குளிர்காலம்தோறும் இதே இலையைக் காயவைத்து, திருநெல்வேலியிலிருந்து ரயிலேறும் யாரிடமாவது மனைவியின் அக்கா கொடுத்தனுப்புவாள். எங்கள் வீட்டு இருமலுக்கு அதுதான் கஷாயம்.

விஷயத்தை மனைவியிடம் சொன்னேன்.

"இங்கயே கெடைக்குன்னு அக்காட்ட சொல்லிராதிய. வருத்தப்படுவா" என்றாள்.

சனிக்கிழமை, பள்ளி வாசலில் இருந்த அரளியிலிருந்து தொடங்கினேன். அழகாக இருக்கும், ஆனால் விஷம்; எந்தச் செடியானாலும் தெரிந்தவர்களைக் கேட்காமல் வாயில் வைக்கக் கூடாது என்றேன். பிறகு வேலிக்கு வந்தோம். இலையைக் கசக்கி ஆளாளுக்கு முகர்ந்து முகத்தைச் சுளித்தார்கள். இருமலுக்கும் சளிக்கும் காலங்காலமாக இதைக் கொடுத்துவருவதைச் சொன்னேன். இந்தியில் இதை அடூசா என்பார்கள் என்றும் சொன்னேன்.

கண்ணாடி போட்ட ஒரு பெண் கேட்டாள்: "அங்கிள், அப்போ அன்னிக்கு இவளுக்கு ஏன் இதைக் கொடுக்கல? இங்கயேதானே இருந்துச்சு?"

அந்தப் பெண்ணின் கை என் மகளின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மகள் விழுந்ததை இந்தப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் மகள் பேசினாள். "அரே, இது இருமலுக்கு. எனக்கு அன்னிக்கு மூச்சுக்குழாயே சுருங்கிடுச்சு. இலை பஸ் மாதிரி, நின்னு நின்னு வரும். இன்ஹேலர் ஆட்டோ. எனக்கு ஜல்தி வேணும்ல?" பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் காட்டினாள்.

"மீட்டர் போடுமா?" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் விடவில்லை. எப்படிக் குலுக்க வேண்டும், எப்போது அழுத்த வேண்டும், எப்படி மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று வரிசையாகச் செய்து காட்டினாள். பிள்ளைகள் வெறுங்கையை வாயருகே வைத்துப் பழகினார்கள். என் வகுப்பு அதோடு முடிந்துவிட்டது. ஆசிரியையும் ஒரு பக்கமாக நின்று கற்றுக்கொண்டார்.

கிளம்பும்போது, அடுத்த சனிக்கிழமை ஊருக்கு நடுவே மேட்டில் இருக்கும் ரிட்ஜ் காட்டுக்குக் கூட்டிப் போவதாக ஆசிரியை சொன்னார். அன்று எனக்கு ஆபீசில் தணிக்கை.

"நீ வரலைன்னா நான் போகக் கூடாதாப்பா?" என்றாள் மகள்.

கண்ணாடிப் பெண் அவள் பையைத் தட்டிக் காட்டினாள். "முன்பக்க ஜிப்ல இருக்கு அங்கிள். நான் பாத்துட்டேன்."

அந்த ஜிப்பைத் திறந்து பார்த்து மூடிவிட்டு, "போயிட்டு வா" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை கோப்புகளுக்கு நடுவே போனை மல்லாக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் அடித்தது.

"அப்பா, காடு பூரா நம்ம வேலிதான் நிக்குது" என்றாள். மேடு ஏறி வந்ததில் மூச்சு லேசாக வாங்கியது. பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.