பிஸ்கட் டின் சத்தம்

அப்பா புதுக் கார் வாங்கிய வருடம், பாக்கார் ஆராங் குடியிருப்பில் எங்கள் வீட்டு வரிசைப் பூனைகளுக்குப் போதாத காலம். அத்தனையும் தெருப்பூனைகள். கடைசி வீட்டு அக்காதான் அவற்றுக்குச் சோறு போடுவார். தொழிற்சாலையில் வேலை, வீட்டில் வேறு யாருமில்லை. சாயங்காலம் வந்ததும் வாசல் கேட்டருகே நின்று பிஸ்கட் டின்னைக் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டுவார். கால்வாயிலிருந்தும் கார்களுக்கு அடியிலிருந்தும் பூனைகள் ஓடிவரும். அந்தக் கரண்டியை அவர் வேறு யாரிடமும் கொடுத்ததில்லை, என்னைத் தவிர. எட்டு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பதவி இருக்கவில்லை.

பூனைகள் புதுக் காரின் மேல் ஏறிப் படுத்துக் கோடு போட்டுவிட்டன. அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மீன் எடுக்க ஞாயிறுதோறும் வேனில் தூரத்துக் கடலோர ஊரான கோலா கெடா போகும் மாமாதான் வழி சொன்னார்.

“மீன் பாசார்ல வுட்டுட்டு வந்துர்றேன் மச்சான். அங்க மீனு கொட்டிக் கெடக்குலா. ராஜா மாதிரி திங்கும்.”

ஆனால் பூனைகள் யார் கைக்கும் அகப்படாதவை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஞாயிறு காலை அக்கா வேலைக்குப் போயிருந்தார். எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னை எடுத்து மூன்று தட்டுத் தட்டினேன். ஆறு பூனைகளும் வந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி மாமாவின் மீன் கூடைகளில் போட்டேன். வெள்ளைப் பூனை மட்டும் முரண்டு பிடித்து என் கையைப் பிராண்டிவிட்டது. “மீன் சாப்பிடத்தானே போற, சும்மா இரு” என்று அதட்டினேன். என்னைப்போல் கெட்டிக்காரி வேறு யாரும் இல்லை என்றார் அப்பா.

சாயங்காலம் டின் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். கொஞ்ச நேரத்தில் அக்கா எங்கள் கேட்டருகே வந்து நின்றார்.

“பாப்பா, ஒண்ணுகூட வரலம்மா. நீ தட்டுனா வரும்லா. கொஞ்சம் வாயேன்.”

போனேன். மூன்று தெரு சுற்றினோம். நான் தட்டிக்கொண்டே போக, அவர் ஒவ்வொரு காருக்கும் கீழே குனிந்து பார்த்தார். எதுவும் வராது என்று தெரிந்தே தட்டினேன். அப்போதே சொல்லியிருந்தால் மாமா ஒருவேளை திரும்பப் போய்த் தேடியிருப்பார். சொல்லவில்லை. அப்பாவுக்குப் பயந்தேன், அதைவிட, கரண்டி கைவிட்டுப் போய்விடுமே என்று பயந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்ததும் கேட் விளக்கில் என் கைக்கீறலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே போய் மஞ்சள் மருந்து எடுத்து வந்து தடவி, ஊதிவிட்டார்.

“எரியுதா?”

இல்லை என்றேன். எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று வீட்டுக்கு ஓடினேன்.

சில வாரங்களில் வேறு இரண்டு பூனைகள் வந்து சேர்ந்தன. அக்கா சோற்றை வைத்துவிட்டு நிற்பார்; அவை எப்போது வருகின்றனவோ அப்போது வரும். டின் எங்கே என்று கேட்டேன்.

“தொலைஞ்சி போச்சு பாப்பா.”

பாவமாக இருந்தது. ஓடிப்போய் எங்கள் டின்னையே கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். ஒரு நாளும் தட்டவில்லை. அந்தச் சத்தத்தை நம்பி இனி ஒரு பூனையும் வந்துவிடக் கூடாது என்றுதான் தட்டாமல் இருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. நல்ல டின்னை வீணாக வைத்திருக்கிறாரே என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.