சின்னையா கொடுத்த கேசட்

பாட்டைக் கேட்கிறவர்களைத்தான் ஊரில் கண்டிருக்கிறோம். திகாம் பத்து ஊர்க்காரர் டெஸ்மண்ட் பாட்டைப் பார்க்கிறவர். அதுவும் ஜாஸ். நாலைந்து பேர் மேடையேறி, எழுதி வைத்ததை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கிற சங்கீதம். சுங்கை பட்டாணியில் பள்ளி பேண்டில் ட்ரம்பெட் ஊதிய நாளில் பிடித்த பைத்தியம், அறுபத்து மூன்று வயதாகியும் தெளியவில்லை. தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவர் வீட்டு முன்னறையில் ஒரு சுவர் முழுக்க வீடியோ கேசட்டும் விசிடியும் டிவிடியும் ஏறியிருந்தன. கல்யாணப் படம் மாட்ட ஓர் ஆணிக்கு இடமில்லை என்பது மனைவி பிரிஜெட்டின் முப்பது வருடப் புகார்.

நல்ல கச்சேரி வீடியோவைக் கண்டுபிடிப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? பாடாங் பெசார் எல்லைக் கடைகள், பினாங்கில் பழைய சாமான் விற்கும் சந்து, சுங்கை பட்டாணியில் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தை என்று போகாத இடமில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெட்டி பெட்டியாகக் கிளறுவார். அட்டையின் பின்பக்கம் எந்த ஊர், எந்த வருடம், யார் யார் வாசித்தார்கள் என்று போடவில்லையா, கீழே வைத்துவிட வேண்டியதுதான். 'நேரடி நிகழ்ச்சி' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, ஸ்டூடியோவில் பதிந்த பாட்டுக்கு வாயசைக்கிற கள்ளர்களும் உண்டு. ட்ரம்ஸ்காரன் கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். குச்சி தட்டைத் தொடுமுன் சத்தம் வந்தால் மோசடி. கச்சேரி உச்சத்துக்குப் போகும்போது கேமரா கூட்டத்தில் அழகான பெண்களைத் தேடிப் போனால் டெஸ்மண்டுக்குப் பற்றிக்கொண்டு வரும். "வெரல காட்டுடா மடையா!" என்று டிவியைத் திட்டுவார்.

அந்தச் சுவரிலேயே சிறந்த கச்சேரி, கீழ்த்தட்டில், பெயர் எழுதாத ஒரு கேசட்டில் இருந்தது. ஒன்றரை மணி நேரம், கேமரா விரல்களை விட்டு நகராது. எந்தக் கடையிலும் இன்றுவரை கிடைக்காதது. வருடத்துக்கு ஒரு முறையாவது போட்டுப் பார்ப்பார். பார்த்த அன்று சாப்பாடு இறங்காது. ஏனென்றால் அந்தக் கேசட் அவருடையதில்லை. சின்னையாவுடையது.

சின்னையா அதே தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், உறுமி மேளக் குழுவின் தலைவர். கேன்டீனில் டெஸ்மண்ட் ஜாஸ் மகிமையை அளந்தபோது அவர் சும்மா இருக்கவில்லை.

"வெள்ளக்காரன் மட்டும்தான் மனசுல வந்தத வாசிப்பானா? உறுமிய வந்து கேளு தம்பி."

"வெள்ளக்காரன் இல்லண்ணே. இத ஆரம்பிச்சது கறுப்பருங்க."

"அப்ப நம்மாளுங்கதான்லா!" என்று மேசையில் தட்டிச் சிரித்தார் சின்னையா.

அடுத்த வாரமே ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அவர் உறுமி வாசித்ததை, மைத்துனர் குணாளன் சிங்கப்பூரிலிருந்து கேமராவோடு வந்து எடுத்தது. ஒரே பிரதி. வீடியோ கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை ஒடித்துவிட்டால் மேலே வேறெதையும் பதிய முடியாது. சின்னையா ஒடித்துத்தான் கொடுத்தார். "பாத்துட்டு நெசத்த சொல்லு தம்பி. உனக்குத்தான் மியூசிக் தெரியும்."

மூன்று வாரம் கழித்து நோன்புப் பெருநாள். மாலையில் டிவியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது ஒரு தாய்லாந்துச் சேனலில் அந்த ஜாஸ் கச்சேரி தொடங்கப் போவதாகக் காட்டினார்கள். டெஸ்மண்டுக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டில் காலி கேசட் இல்லை, கடைகளெல்லாம் பெருநாளுக்கு மூடிக் கிடந்தன. கையெட்டும் தூரத்தில் சின்னையாவின் கேசட் இருந்தது. பல் ஒடிந்த துளையின்மேல் ஒரு துண்டு செலோடேப்பை ஒட்டினால் மெஷின் ஏமாந்துவிடும். ஒட்டினார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள அந்த செலோடேப் அவரை விடவில்லை. உறுமிதானே, அடுத்த திருவிழாவில் அண்ணன் மறுபடியும் வாசிப்பார், நாமே போய் எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தார்.

அடுத்த திருவிழாவுக்கு முன்னாலேயே மாரடைப்பில் சின்னையா போய்விட்டார். கருமாதி முடிந்து அவர் மனைவி நவமணி கேசட்டைக் கேட்டு ஆள் அனுப்பினார். "மெஷின் தின்னுடுச்சு" என்று சொல்லியனுப்பினார் டெஸ்மண்ட். அந்தக் காலத்தில் மெஷின் தின்னாத கேசட் ஏது? எல்லாரும் நம்பினார்கள். அவர் மட்டும் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயில் பூசையில் 'என் பாவமே' என்று நெஞ்சில் தட்டும்போது கொஞ்சம் பலமாகவே தட்டிக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சின்னையாவின் மகள் காஞ்சனா வந்தாள். அப்பா சாகும்போது பன்னிரண்டு வயது. இப்போது அம்மாவோடு பாடாங் மேஹாவில் இருக்கிறாள்.

"அங்கிள், அம்மாவுக்குச் சீனி வியாதியில கண்ணு மங்கிக்கிட்டே வருது. அப்பாவ ஒரு தடவ பாக்கணும்னு ஒரே அழுக. மெஷின் தின்ன டேப்பையும் இப்ப ஒட்டிக் குடுக்கிறாங்களாம், பினாங்குல ஒரு கடை இருக்கு. அந்தக் கேசட்ட வச்சிருக்கீங்களா?"

தூக்கிப் போட்டாச்சு என்ற பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து பிரிஜெட் முந்திக்கொண்டார். "அவரு எதையும் தூக்கிப் போட மாட்டாரும்மா. கல்யாணத்துக்கு முன்னாடி வாங்குன பேட்டரிகூட இங்கதான் கெடக்கு."

டெஸ்மண்ட் எழுந்து போய்க் கீழ்த்தட்டிலிருந்து கேசட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"மெஷின் தின்னலம்மா. நான்தான் அதுமேல வேற கச்சேரிய பதிஞ்சிட்டேன்."

காஞ்சனா கேசட்டைத் திருப்பி, பழுத்துப்போன செலோடேப்பை விரலால் தடவினாள். "முழுசும் போச்சா?"

"தெரியலம்மா. கச்சேரி முடிஞ்சதும் நிப்பாட்டிடுவேன். அதுக்கு மேல ஓட விட்டதில்ல." பயம் என்பதை அவர் சொல்லவில்லை.

மெஷினில் போட்டு வேகமாக ஓட்டினார். ஜாஸ்காரர்கள் அவசர அவசரமாக வாசித்து முடித்தார்கள். திரையில் புள்ளி புள்ளியாகப் பொரிந்தது. பிறகு பந்தலும் வாழைமரமும் வந்தன. அன்னதானப் பந்தி நடந்துகொண்டிருந்தது. தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி, உறுமியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார் சின்னையா. வாசிப்பெல்லாம் முடிந்திருந்தது. யாரோ நீட்டிய ரோஸ் சிரப்புத் தண்ணீரைக் குடித்தார், கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார், சிரித்தார். நாலு நிமிடம் இருக்கும். அப்புறம் பந்திதான்.

காஞ்சனா அழுதுகொண்டே அதைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டாள். டெஸ்மண்ட் எதிர்பார்த்த ஏச்சு வரவில்லை. வந்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மொகமாவது கெடச்சுச்சே" என்றாள். "வாசிச்சதுதான் போச்சு. பரவால்ல அங்கிள், நீங்க பாத்தீங்கல்ல? வந்து அம்மாகிட்ட சொல்லுங்க, எப்படி வாசிச்சாருன்னு. நீங்க சொன்னா அம்மா நம்பும்."

சொல்லியிருக்கலாம். முப்பது வருடமாக நல்ல வாசிப்பைப் பார்த்தவருக்கு, உறுமியின் தோலில் குச்சி எப்படி இழுபட்டது என்று பத்து நிமிடம் கதை சொல்ல வராதா? யாருக்குத் தெரியப்போகிறது?

"நான் பாக்கலம்மா" என்றார். "ஒரு தடவகூட பாக்கல. நாளைக்கு பாக்கலாம், நாளைக்கு பாக்கலாம்னு வச்சிருந்தேன்."

காஞ்சனா கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

"அப்பா உங்ககிட்ட கேக்கவே இல்லையா?"

"இல்லம்மா. நானும் அண்ணன் எதுக்க வந்தா வேற பக்கமா போயிடுவேன்."

"என் வாசிப்பு நல்லா இல்ல போல இருக்கு, அதான் டெஸ்மண்ட் என்னப் பாத்தா ஒதுங்கிப் போறான்னு அம்மாகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாரு. அதுக்கப்புறம் சாவுற வரைக்கும் அவரு உறுமிய தொடல அங்கிள்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. டெஸ்மண்ட் எழுந்து, ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தார்.

"வாம்மா, போலாம்" என்றார். "அம்மாகிட்ட நானே சொல்றேன்."