சோற்றுக்கு வராத ஆமை

எங்கள் கிணற்றுக்குள் ஓர் ஆமை இருக்கிறது. புழு பூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று கிணறு வெட்டியபோதே விட்டது. வாளி விழும் சத்தம் கேட்டால் போதும், சோற்றுக்குத் தலையை நீட்டிவிடும்.

அன்று காலை அது வரவில்லை. போட்ட சோறு அப்படியே மிதந்தது. முந்தின நாள் வயல் வட்டையில் வேளாண்மைக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்த என் மனுசன், மருந்து டாங்கியைக் கிணற்றுக்கட்டில் வைத்துத்தான் கழுவினார். கிணற்றிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் அள்ளினேன்.

"ஆமைக்குப் பசி இல்ல போல" என்றார்.

"அப்ப இத நீங்க ஒருக்காக் குடிச்சிக் காட்டுங்க" என்று தண்ணீர்ச் செம்பை நீட்டினேன்.

வாங்கினார், குடிக்கவில்லை.

செங்கலடி பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்விட்ட மகளின் போத்தலில் இருந்ததும் அதே தண்ணீர்தான்.