இறக்கை தைத்தவள்

எங்கள் விமானம் மேலே கிளம்பாததற்குக் காரணம் எஞ்சின் இல்லை, இறக்கையும் இல்லை. காக்காவின் தொந்தி.

காக்கா என் மூத்த அண்ணன். கல்முனையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். நான் வீட்டிலிருந்து உடுப்புத் தைக்கிறவள். பழைய எஞ்சின் ஒன்றையும் அலுமினியக் குழாய்களையும் வைத்து, ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய குட்டி விமானம் செய்யப்போவதாக அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும், இறக்கையை யார் தைப்பது என்று கேட்டேன். முதலில் மருதமுனைக் கைத்தறிச் சாறன் துணியில் தைத்தேன். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் காற்று ஊடே புகுந்து போனது. பிரித்தெறிந்துவிட்டு மழைக்கோட்டுத் துணியில் மறுபடி தைத்தேன். விரலெல்லாம் ஊசிக் குத்து.

நாவிதன்வெளிப் பக்கம், அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே நீளமான கிரவல் மண் ரோட்டு ஒன்று இருக்கிறது. அதில் காக்கா ஓட்டினார், ஓட்டினார், ஓட்டிக்கொண்டே இருந்தார். சக்கரம் மண்ணை விடவில்லை. ஊர்ச் செய்திகளைப் பேஸ்புக்கில் போடுகிற ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு, “ட்ரெக்டர் நல்லா ஓடுது மச்சான்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இறங்குங்க காக்கா. நான் ஏறுறன்.”

அதே ரோட்டில் விமானத்தைத் தரையில் ஓட்டிப் பழகியவள் நானும்தான். உம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

“உனக்கென்ன புள்ள, கிறுக்கா? விழுந்து மௌத்தானா உன்ட புள்ளைகள ஆரு பாக்கிற?”

“காக்காக்கும் புள்ளைகள் இரிக்கிதானே உம்மா? அவர் ஏறக்குள்ள நீங்க வாயே திறக்கல்லியே.”

உம்மா கையை விடவில்லை. நானே விடுவித்துக்கொண்டேன்.

முக்காட்டை இறுக்கிக் கட்டி ஹெல்மெட்டைப் போட்டேன். பிஸ்மி சொல்லி எஞ்சினை முறுக்கினேன். ரோட்டு முடிவதற்குள் கிரவலின் குலுக்கல் சட்டென்று நின்றது. சக்கரம் மண்ணை விட்டுவிட்டது. தென்னை மர உயரத்தில், என் தையல் ஒன்றுகூட விடாமல் இறக்கை விறைத்து நின்றதைக் கண்டதும் வாய்விட்டுக் கத்தினேன். கீழே கேட்டிருந்தாலும் எனக்கென்ன!

தொப்பென்றுதான் இறங்கினேன். ஒரு சக்கரம் கோணிப் போனது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. உம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏசினார்.

போன்காரர் காக்காவின் கையைக் குலுக்கினார். “மச்சான், நீங்க ஏறி இரிங்க. ஒரு போட்டோ எடுப்பம்.”

“நான் ஏறினா அது பறக்காது. ஓட்டின ஆள எடுங்க.”

போன்காரர் என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பொம்புளப் புள்ளட போட்டோவப் போட்டா ஊர் கதைக்கும்.”

“கதைக்கட்டும்,” என்றேன் நான். “கொஞ்சம் பொறுங்க. ஹெல்மெட்டக் கழட்டுறன். முகம் நல்லாத் தெரியட்டும்.”