இரண்டரை மணி நேரத்தில் டெல்லி

எழுபதுகளின் நடுவில், நாங்கள் திருவள்ளூரில் குடியிருந்தபோது நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டெல்லியிலிருந்து அக்காவின் தந்தி வந்தது. அவள் கணவருக்கு, அதாவது என் மாமாவுக்கு, வியாழன் காலை ஆபரேஷன், உடனே வா என்று. பாஷை தெரியாத ஊரில், கைக்குழந்தையோடு அவள் ஒற்றை ஆளாக இருந்தாள்.

திங்கட்கிழமை ரயிலேறியிருந்தால் புதன்கிழமை போய்ச் சேர்ந்திருப்பேன். எனக்குத்தான் விமான ஆசை விடவில்லையே! புதன் சாயங்காலத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு, அன்று இரவே வந்துவிடுவேன் என்று அக்காவுக்குத் தந்தியும் கொடுத்தேன். "டெல்லி என்ன பெரிய டெல்லி, ரெண்டரை மணி நேரம்!" என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் வடக்கே சூலமாம். அதற்குப் பரிகாரம், திங்களன்றே நல்ல நேரத்தில் பெட்டியை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைப்பது. அப்படிப் பரஸ்தானம் வைத்துவிட்டால் அன்றே பயணம் கிளம்பியதாக அர்த்தம். "டிக்கெட்டும் உள்ள இருக்கணும்டா, அப்பதான் செல்லும்" என்று பிடிவாதம் வேறு. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்டால்தானே! டிக்கெட்டோடு பெட்டி எதிர்வீட்டுக்காரர் வீட்டுக்குப் போனது.

புதன் மத்தியானம் பெட்டியை எடுக்கப் போனால், எதிர்வீட்டில் பூட்டு! மனுஷன் மாடு பார்க்கப் பள்ளிப்பட்டுக்குப் போயிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கல்லை எடுத்துவிட்டேன். அப்பா குறுக்கே வந்து நின்றார். "அடுத்தவன் ஊட்டுப் பூட்டை உடைப்பியா? ஊரு இன்னா பேசும்?" அக்கா அங்கே காத்திருக்கிறாள், இவருக்கு ஊர் பேச்சு! நான் கத்த, அவர் கத்த, பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது.

நாலு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் ஆற அமர பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். நான் போட்ட சத்தத்தில் மிரண்டுபோனார். "இன்னா நைனா, டெல்லி ரெண்டரை மணி நேரம்னு நீதான சொன்னே? நாளைக்குக் காத்தால ஆபரேஷன்னா, வெடிகாத்தால கெளம்புவேன்னு நெனச்சேன்."

வாடகைக் காரில் பறந்தோம். கூடவே அவரும் வந்தார். மீனம்பாக்கத்தில் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். விமானம் போய்விட்டிருந்தது, அடுத்தது மறுநாள்தான் என்றார்கள். அவரோ அங்கிருந்த பெண்ணிடம், "ரெண்டரை மணி நேரத்துல போயிடும் இல்லம்மா? அது திரும்பி வர்ற வரிக்கும் இங்கியே குந்திக்கினு இருக்கோம்" என்றார். நிஜமாகவே உட்கார்ந்தும் விட்டார். அவரைத் திட்ட வாயெடுத்தவன், அவர் முகத்தைப் பார்த்ததும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. மாமா பிழைத்துக்கொண்டார். அக்கா என்னிடம் கோபப்படவே இல்லை. "கையெழுத்துப் போடச் சொன்னாங்கடா. தம்பி வந்துடுவான்னு சொல்லி டாக்டரை ரெண்டு தடவை நிக்க வச்சேன். அப்பால நானே போட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அப்பாவின் மேலும் எதிர்வீட்டுக்காரர் மேலும் பல வருஷம் எரிச்சல் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எதிர்வீட்டுக்காரர் என் பேச்சை நம்பினார், அக்காவும் நம்பினாள். அந்தக் காகிதத்தில் அவள் தனியாகக் கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் என் வாய்தான் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.