லைனை மெதுவாக்கிய நாள்

வெட்டிய கோழி ஒன்று லைனில், கொக்கியில் தொங்கியபடி என்னைக் கடந்து போகும் நேரத்துக்குள் ஒருவர் தும்மி முடிக்க மாட்டார். அதற்குள் அதன் நெஞ்சையும் வயிற்றையும் தொடைகளையும் நேரே பார்க்க வேண்டும். கொக்கிகளுக்குப் பின்னால் பொருத்தியிருக்கும் கண்ணாடியில் முதுகைப் பார்க்க வேண்டும். எடுப்பதா, விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். முடிவெடுத்து முடிய முன்னரே அடுத்தது வந்துவிடும். அரை மணிக்கொரு தடவை எங்களை மாற்றிவிடுவார்கள். அதற்கு மேல் நின்றால் கண் திறந்திருக்கும், ஆனால் பார்க்காது.

வேலை தொழிற்சாலைக்குள்தான், சம்பளம் தருவது டென்மார்க் அரசாங்கம். நோய் கண்ட கோழி கடைக்குப் போகாமல் தடுப்பது எங்கள் பொறுப்பு. பண்ணையில் ஈரத்தில் நின்று வெந்துபோன பாதங்களுக்குப் புள்ளி போடுவதும் எங்கள் வேலைதான். அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் பண்ணைக்காரர் கோழிகளை எப்படி வைத்திருந்தார் என்று அரசாங்கம் தெரிந்துகொள்ளும்.

நான் யாழ்ப்பாணத்தில் சாதாரண தரப் பரீட்சைவரை படித்தவள். கலியாணமாகி இங்கே வைலே நகருக்கு வந்து, இதே தொழிற்சாலையில் பல வருடம் கோழி வெட்டினேன், பொதி செய்தேன். பிறகு அரசாங்கம் பரிசோதகர்களைச் சேர்க்கிறது என்று அறிந்து, டெனிஷில் நடந்த வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுதினேன். எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க வராது. கடையில் மிச்சக் காசு குறைந்தாலும் பேசாமல் வந்துவிடுவேன். இந்த வேலைக்கு வாய் அவ்வளவு தேவைப்படாது, கண்தான் வேண்டும் என்று நினைத்தேன். ஹெல்மெட்டின் நிறம் மாறியது. நான் நின்ற பக்கமும் மாறியது. முன்பு என்னோடு தோளோடு தோள் நின்றவர்களின் வேலையைப் பார்த்து, சரி, பிழை சொல்லும் ஆளாகிவிட்டேன்.

ஆனால் போய்வருகிற கார் மாறவில்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிற அண்ணை ஒருவரின் கார் அது. அவருக்குக் கோழி தொங்கவிடும் அறையில் வேலை. வாயுவில் மயங்கி வருகிற கோழிகளைப் பெல்ட்டில் இருந்து எடுத்துக் கொக்கியில் மாட்டுவார். பின் இருக்கையில் அக்கா ஒருவர். அவர் பொதி செய்யும் பகுதி. விடிய முன்னர் அண்ணை எங்கள் வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்குவார்.

"அரசாங்கம் ஏறலாம். கதவை இறுக்கிச் சாத்துங்கோ."

"பாத்து ஓடுங்கோ அண்ணை," என்று அக்கா பின்னாலிருந்து சொல்லுவார். "இவா உங்களையும் எடுத்துக் கழிவுப் பெட்டிக்குள்ள போட்டிடுவா."

"என்னை ஏன் போடுறா? எனக்கு மருந்துக்கும் சதை இல்லை."

"அதுதான் விசயம். மெலிஞ்சதுகளையும் கழிக்கிறவை."

நான் சிரிப்பேன். பதில் சொல்ல எனக்கு வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இந்தப் பகிடி எனக்கு வேண்டியிருந்தது. தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் இப்போது நான் அரசாங்க ஆட்களோடு தனி மேசையில் இருக்க வேண்டியவள். காருக்குள் மட்டும்தான் பழைய ஆள்.

அந்த ஆனி மாதம் அண்ணையின் மகள் ஜிம்னேசியம் என்கிற உயர்தரப் பள்ளியை முடித்தாள். இங்கே அந்தப் படிப்பை முடிக்கிற பிள்ளைக்கு வெள்ளைத் தொப்பி போடுவார்கள். வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு லொறி பிடித்து, மரக் கிளைகளும் பதாகைகளும் கட்டி, பாட்டுப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையின் வீடாகப் போவார்கள். லொறி வரும்போது தாயும் தகப்பனும் வாசலில் நிற்க வேண்டும். குடிக்க, கடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும். சின்னதாக ஒரு ஆட்டம் போட்டுவிட்டு லொறி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். எந்த வீட்டுக்கு எத்தனை மணி என்று முதலே முடிவாகியிருக்கும். அண்ணை வீட்டுக்கு இரண்டரை மணி.

அண்ணை அதற்கு லீவு எடுக்கவில்லை. தொழிற்சாலையில் ஒருவருக்கும் சொல்லவும் இல்லை. எங்கள் ஆட்கள் வேறு சிலரும் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவரின் மகன் அந்த வருடம் இடையில் படிப்பை விட்டிருந்தான். "அந்த மனுசனுக்கு முன்னால நான் போய் இதைச் சொல்லிக்கொண்டு நிக்கிறதோ?" என்றார் அண்ணை. அவருடைய மனைவிக்கு வேறு காரணம். லொறி வந்து போய், பிள்ளைக்குச் சுத்திப் போடும்வரை வெளியில் வாய் திறக்கக் கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்பது.

"ஒண்டரைக்கு வேலை முடியும், ரெண்டு மணிக்கு வீட்டிலை நிப்பன். பிறகு என்னத்துக்கு லீவு?" என்று காரில் கணக்குச் சொன்னார்.

அக்கா மட்டும் லீவு எடுத்தார், அந்த வீட்டில் ரோல்ஸ் பொரித்துக் கொடுக்க. "பல்லு நோ எண்டு சொல்லிப்போட்டன். என்ரை வீட்டுச் சட்டியையும் தூக்கிக்கொண்டு போறன்," என்றார்.

லொறி வருகிற அன்று காலை நானும் அண்ணையும் மட்டும்தான் காரில் போனோம். அண்ணையின் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டபடி பின் இருக்கையில் தொங்கியது. தகப்பன்மார் வாசலில் என்ன செய்வார்கள் என்று என்னைக் கேட்டார். ஆட வேண்டுமா, கைகொடுத்தால் போதுமா? எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளைகள் அப்போது சின்ன வகுப்பில் படித்தார்கள்.

பத்து மணிக்குப் பிறகு ஒரு புதுப் பண்ணையின் கோழிகள் வரத் தொடங்கின. முதலில் ஒன்றைக் கண்டேன். வயிற்றின் கீழ்ப்பக்கத்தில் தோல் தடித்து, மஞ்சளாக இருந்தது. கீறல் காயத்தின் வழியே அழுக்குப் போய் உள்ளே சீழ் படிந்தால் அப்படித்தான் இருக்கும். எடுத்தேன். அடுத்ததும் அப்படி. நடுவில் மூன்று நான்கு நல்லவை, பிறகு மறுபடியும். என் கை ஒன்றை எடுக்கும்போதே கண்ணாடியில் அடுத்ததின் முதுகு போய்க்கொண்டிருந்தது. நான் பார்க்காத கோழிகள் என்னைக் கடந்து போகின்றன என்று விளங்கியது.

அப்படி வந்தால் லைனை மெதுவாக்கச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டு. உரிமை மட்டுமல்ல, அதற்குத்தான் என்னை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். லைன் மெதுவானால் பெட்டிகளில் வந்த கோழிகள் முடிய நேரமாகும். உயிரோடு வந்தவற்றை அடுத்த நாளுக்கு வைத்திருக்க முடியாது. முடியும்வரை தொங்கவிடுகிறவர்கள் நிற்க வேண்டும். அவர்களை மேற்பார்வை செய்கிற போர்மன் விட்டால்தான் முன்னரே போகலாம்.

சுவருக்கு அந்தப் பக்கம் கொக்கியில் ஒவ்வொன்றாக மாட்டுகிற கைகளில் இரண்டு அண்ணையுடையவை என்பதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஆனால் கோழியும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. மணியை அழுத்தி அரசாங்க மிருக வைத்தியரைக் கூப்பிட்டேன். அந்த இளம் பெண் வந்து, நான் எடுத்துப் போட்டவற்றில் சிலவற்றை வெட்டிப் பார்த்தாள். தலையாட்டினாள். லைனின் சத்தம் இறங்கியது.

என்னை மாற்றிவிட்ட இடைவேளையில் தொங்கவிடும் அறையின் வாசலுக்குப் போனேன். அண்ணை தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தார்.

"அண்ணை, போர்மனிட்டை லொறி விசயத்தைச் சொல்லுங்கோ. சொன்னால் விடுவார்."

அவர் என்னைப் பார்த்தார். "நீரோ குறைக்கச் சொன்னது?"

"ஓம்."

"குறைச்சுப்போட்டு எனக்கு வந்து புத்தியும் சொல்லுறீர்." கடதாசிக் கோப்பையைக் கசக்கி வாளிக்குள் எறிந்தார். "இண்டைக்கு ரெண்டு பேர் வரேல்லை. இப்ப போய் மகளின்ரை லொறி எண்டு பல்லிளிக்கச் சொல்லுறீரோ? நீர் போய் உம்மடை கோழியைப் பாரும்."

என் வேலை வழக்கம்போல ஒன்றரைக்கு முடிந்தது. எனக்குப் பிறகு நிற்க வேறு பரிசோதகர் வந்தார். லைன் அதே மெதுவில் ஓடிக்கொண்டிருந்தது. உடுப்பு மாற்றி, அண்ணையின் காருக்காகச் சாப்பாட்டு அறையில் போய் இருந்தேன். பரிசோதிக்க வந்தவள் தொழிற்சாலைக்காரரிடம் போய் ஒருவருக்காகக் கதைப்பது முறையா என்று யோசித்தேன். அதோடு அது அண்ணையின் வீட்டு விசயம், அவர் வேண்டாம் என்று மூடி வைத்தது. இவற்றை எல்லாம் நியாயம் என்று சொல்லலாம். ஆனால் அந்த நியாயங்களுக்கு அடியில், போர்மன் முன்னால் போய் நிற்க எனக்கிருந்த பயமும் கிடந்தது. சொல்ல வேண்டிய டெனிஷ் வசனத்தை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். சுவர் மணிக்கூடு இரண்டை நெருங்கியபோது எழும்பிப் போனேன்.

போர்மன் பொதி அறைக்குப் பக்கத்தில் நின்றார். பெரிய மனிதர். அவருடைய பூட்சைப் பார்த்தபடி சொன்னேன்: தொங்கவிடும் அறையில் வேலை செய்கிற, என்னைக் காரில் கூட்டிவருகிறவரின் மகள் இன்று லொறியில் வருகிறாள், இரண்டரைக்கு அவர்களின் வீட்டுக்கு.

இன்றைக்கா என்று கேட்டார். ஆம் என்றேன். ஏன் அவர் காலையில் சொல்லவில்லை என்று கேட்டார். கண்ணூறை டெனிஷில் எப்படிச் சொல்வது? அவர் வெட்கப்படுகிறவர் என்றேன். போர்மன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு தொங்கவிடும் அறைக்குள் போனார். சில நிமிடத்தில் அண்ணை ஓடிவந்தார். அவருடைய இடத்தில் கோழி மாட்டப் போர்மன் நின்றுவிட்டாராம்.

அண்ணை அப்படியே காரை எடுத்தார். குளிக்கவும் இல்லை, சட்டை மாற்றவும் இல்லை. தொழிற்சாலையின் மணம் முழுவதும் எங்களோடு வந்தது. பாதி வழியில் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் அக்காவின் குரல், பின்னால் பெரிய இரைச்சல்.

"அண்ணை, லொறி வந்திட்டுது! பிள்ளையள் ரோட்டிலை நிண்டு ஆடுதுகள். எங்கை நிக்கிறியள்?"

"வாறன், வாறன்."

"அவையள் வெளிக்கிடப் போயினமாம்."

"மறிச்சு வையுங்கோ."

"நான் என்ன பொலிசோ மறிக்க? ரோல்ஸ் குடுத்துப் பாக்கிறன். ஆனா அதும் முடியுது."

வைலேக்குள் இறங்கும் வளைவில் எதிரே லொறி வந்தது. முதலில் கிளைகள் தெரிந்தன, பிறகு வெள்ளைத் தொப்பிகள். இங்கே அந்த லொறியைக் காண்கிற கார்க்காரர் ஹோர்ன் அடிப்பது வழக்கம். பிள்ளைகள் கையைத் தூக்கிக் கத்துவார்கள். முப்பது வருடமாகக் கார் ஓடுகிற அண்ணை இந்த நாட்டில் ஒருவருக்கும் ஹோர்ன் அடித்து நான் காணவில்லை. அன்று அழுத்தியவர் கையை எடுக்கவில்லை. லொறி முழுவதும் கத்தியது. எந்தக் காருக்கும் கத்துகிற அதே கத்தல்தான். மகள் எந்தப் பக்கம் நின்றாள் என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. பின்கண்ணாடியில் பதாகை மட்டும் ஆடிக்கொண்டு போனது.

அண்ணை பஸ் தரிப்பிடத்தில் காரை ஒதுக்கி நிறுத்தினார். "போயிட்டுது," என்றார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

போன் மறுபடியும் அடித்தது. மகள். ஹோர்ன் அடித்தது நீங்கள்தானா என்று டெனிஷில் கேட்டாள்.

"ஓம் பிள்ளை. எப்பிடித் தெரிஞ்சுது?"

உங்கள் தலையில் அந்த நீல வலை என்றாள். அண்ணை தலையைத் தொட்டுப் பார்த்தார். தொழிற்சாலையில் முடிக்குப் போடுகிற வலைத்தொப்பியைக் கழற்றாமலே ஓடி வந்திருக்கிறார். எனக்கும் அதுவரை கண்ணில் படவில்லை. போனுக்குள் பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. அவளும் சிரித்தாள். பிறகு அத்தனை பேருக்கும் நடுவில், தமிழில், "அப்பா, பின்னேரம் வாறன்," என்றாள்.

போனை வைத்தபிறகும் அவர் அந்த வலையைக் கழற்றவில்லை. பஸ் ஒன்று பின்னால் வந்து, நாங்கள் விலகுவதற்குக் காத்துநின்றது.

"தங்கச்சி," என்றார். "அந்தக் கோழியள் உண்மையிலை அவ்வளவு மோசமோ?"

இத்தனை காலமும் என் வேலையைப் பகிடி பண்ணியவர், அதைப் பற்றி என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஓம் அண்ணை. மோசம்தான்."

"அப்ப சரி," என்று சொல்லிக் காரை எடுத்தார்.